கொட்டை எழுத்தில் போடுங்க

சேலத்தில் டிடிபி கடை வைத்திருப்பவர்கள் நாளுக்கு நாலு தடவையாவது கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு: “பேரை மட்டும் நல்லா கொட்டை எழுத்துல போட்டுடுங்க.” செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடைக்காரர் விசிட்டிங் கார்டுக்குச் சொல்வார். அம்மாப்பேட்டையிலிருந்து வேட்டிக்கு லேபிள் அடிக்க வருபவர் சொல்வார். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு நோட்டீஸ் போட வரும் இளவட்டங்களும் சொல்வார்கள். வார்த்தை ஒன்றுதான், ஆனால் மூவர் மனத்திலும் மூன்று வேறு எழுத்து. நோட்டீஸ்காரர்களுக்குக் குண்டாக இருந்தால் போதும். வேட்டிக்காரருக்குக் கடை அலமாரியில் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். கொலுசுக் கடைக்காரர்தான் குறிப்பாகக் கேட்கிறார். ஆங்கிலத்தில் கடைப் பெயர், பழைய பேங்க் பலகையில் இருக்குமே, தூண் மாதிரி தடித்த கோடு, அடியில் பாதம் வைத்தது போல ஒரு சின்ன முட்டு, அந்த மாதிரி. “பார்த்தா அந்தக் காலத்துக் கடைன்னு தெரியணுங்க” என்பார். கடை திறந்து மூன்று வருஷம்கூட ஆகியிருக்காது.

அவர் கேட்கும் எழுத்துக்கு அச்சுத் தொழிலில் போல்டு செரிஃப் என்று பெயர். செரிஃப் என்பது கோடு முடியும் இடத்தில் இருக்கும் அந்தக் குட்டிக்கால். கால் இல்லாதது சான்ஸ் செரிஃப். செல்போன் திரையில் நாள் முழுக்க நாம் பார்க்கும் ஆங்கிலம் பெரும்பாலும் அதுதான். போல்டு என்றால் தடிப்பு, சரி. ஆனால் காலும் தடிப்பும் சேர்ந்துவிட்டால் மட்டும் “அந்தக் காலத்து” முகம் வந்துவிடாது. குட்டிக்கால் தூணோடு ஒட்டுகிற மூலையைப் பார்க்க வேண்டும். அடிமரம் மண்ணில் இறங்குகிற இடத்தில் லேசாக விரியும் அல்லவா, அப்படி ஒரு வளைவோடு ஒட்டினால் அது மரபான செரிஃப். காஸ்லான், டைம்ஸ் எல்லாம் இந்த வகை. வளைவே இல்லாமல், தடித்த தூணுக்கு அடியில் ஒரு மயிரிழையைப் படுக்கவைத்தது போல் இருந்தால் அது இத்தாலியின் பொடோனி, பிரான்சின் டிடோ வழி. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. அழகு சாதன விளம்பரக்காரர்களுக்கு இன்றும் அதன் மேல்தான் கண். காலும் தூணும் ஒரே தடிப்பில் செங்கல் அடுக்கியது போல் இருந்தால் ஸ்லாப். மூன்றுமே செரிஃப்தான், மூன்றிலும் போல்டு உண்டு. கொலுசுக் கடைக்காரர் கண்ணுக்குள் நிற்பது முதல் வகை.

இந்தக் கால் எப்படி முளைத்தது என்பதற்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட காரணம் உளி. ரோமானியர்கள் கல்லில் வெட்டும்போது கோட்டின் முனையைச் சுத்தமாக முடிக்க ஒரு குறுக்குவெட்டு கொடுத்தார்கள், அதுவே காலாகிவிட்டது என்பார்கள். ரோமில் கி.பி. 113இல் எழுந்த டிரேஜன் தூணின் அடிப்பீடத்துக் கல்வெட்டுதான் இந்த எழுத்துகளுக்கெல்லாம் பாட்டன். அதை வருஷக்கணக்கில் ஆராய்ந்த எட்வர்டு கேடிச் என்ற அமெரிக்கப் பாதிரியார் வேறு மாதிரி சொன்னார். முதலில் தட்டைத் தூரிகையால் கல்லின் மேல் எழுதினார்கள், உளி அதற்கு அப்புறம்தான். கோட்டை முடிக்கும்போது தூரிகையைத் திருப்பி எடுக்கிற தடம்தான் செரிஃப் என்றார். இது அவர் கண்ணில் பட்டதில் ஆச்சரியம் இல்லை. பாதிரியார் ஆவதற்கு முன் சிகாகோவில் போர்டு எழுதிக்கொண்டிருந்தவர் அவர்.

சங்ககிரிப் பக்கம் லாரிக்குப் பெயர் எழுதும் ஆளின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும். தட்டை பிரஷ்ஷை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுப்பார். கோடு நேராக வரும், முனை மட்டும் பிசிறடித்து நிற்கும். அதை மூட பிரஷ்ஷைப் படுக்கைவாக்கில் ஒருமுறை தொட்டு எடுப்பார். அந்தத் தொடுகை கோட்டின் அகலத்தைவிட இரண்டு பக்கமும் ஒரு நூல் வெளியே போகும். அவர் செரிஃப் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆக, காலுக்கு வயது கிட்டத்தட்ட இரண்டாயிரம். தடிப்புக்கோ இருநூற்றுச் சொச்சம்தான். 1470இல் வெனிஸில் நிக்கோலா ஜென்சன் அச்சிட்ட எழுத்தை இன்றைக்கும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், ஆனால் அவரிடம் போல்டு கிடையாது. ஒரு சொல்லைத் தனியாகக் காட்ட வேண்டுமென்றால் பெரிய அளவில் கோத்தார்கள், சிவப்பு மையில் அடித்தார்கள். பிற்பாடு சாய்வெழுத்து வந்து சேர்ந்தது. புத்தகம் படிக்கிறவர் உட்கார்ந்து படிக்கிறார். அவரைக் கைதட்டிக் கூப்பிட வேண்டியதில்லை.

கூப்பிட வேண்டிய தேவை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் தெருவில் வந்தது. லாட்டரிச் சீட்டு விளம்பரமும் நாடக விளம்பரமும் சுவரை நிறைத்தன. நடந்து போகிறவரை நிறுத்த வேண்டும், அதுவும் பக்கத்துச் சுவரொட்டியை மீறி நிறுத்த வேண்டும். ராபர்ட் தோர்ன் போன்ற எழுத்து வார்ப்படக்காரர்கள் இருந்த செரிஃப் எழுத்தையே எடுத்துத் தூண்களை உப்ப வைத்தார்கள். தூண் பானை மாதிரி ஊதியது, மெல்லிய கோடோ மயிரிழையாகவே நின்றது. அந்த வகைக்குப் பெயரே ‘குண்டு முகம்’ என்பதுதான். அதாவது கொட்டை எழுத்து என்பது படிப்பாளிகள் கொண்டுவந்தது அல்ல, சீட்டு விற்றவர்கள் கொண்டுவந்தது. பழைமைக்கும் கௌரவத்துக்கும் அடையாளமாக இன்று நாம் அதைக் கேட்டு வாங்குகிறோம் என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் கொஞ்சம் சிரிப்பு வரும்.

அதைப் புத்தகத்துக்குள் கூட்டிவந்தது 1845இல் வெளிவந்த கிளாரெண்டன். லண்டன் ஃபேன் தெரு வார்ப்படச்சாலையின் ராபர்ட் பெஸ்லி வெளியிட்டது. தடிப்பு உண்டு, ஆனால் ஆர்ப்பாட்டம் இல்லை. மெல்லிய கோட்டுக்கும் கொஞ்சம் சதை கொடுத்து, காலை வளைவோடு ஒட்டி, சாதாரண எழுத்துக்குப் பக்கத்தில் ஒரே வரியில் நிற்கும்படி செய்தார்கள். அகராதியில் தலைச்சொல் தடித்தும் பொருள் மெலிந்தும் நிற்கிறதே, அந்த ஏற்பாடு பரவியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. புதிதாக வந்திருந்த வடிவப் பாதுகாப்புச் சட்டத்தில் பதிவும் செய்தார்கள். மூன்றே வருஷக் காவல். முடிந்த கையோடு மற்ற வார்ப்படக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கிளாரெண்டன் போட்டுவிட்டார்கள்.

குண்டு முகத்தையும் கிளாரெண்டனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். தடிப்பு எவ்வளவு என்பதைவிட, எங்கே போகிறது என்பதுதான் எழுத்தின் குணத்தைத் தீர்மானிக்கிறது. எல்லோர் கணினியிலும் இருக்கும் டைம்ஸ் நியூ ரோமனையே எடுத்துக்கொள்ளலாம். லண்டன் டைம்ஸ் நாளிதழுக்காக ஸ்டான்லி மோரிசன் மேற்பார்வையில் விக்டர் லார்டென்ட் வரைந்து, 1932 அக்டோபர் 3 இதழில் வெளிவந்த எழுத்து. அதில் ஆங்கில ‘ஓ’வை 200 பாயிண்டில் போட்டு, பக்கத்தில் அதன் போல்டையும் வையுங்கள். சாதா ஓவில் மெலிந்த இடங்கள் நேர் மேலேயும் கீழேயும் இல்லை. கொஞ்சம் சாய்ந்து, பேனா பிடித்து எழுதியது போல் இருக்கும். போல்டு ஓவில் அந்தச் சாய்வைக் காணோம், நட்டக்குத்தலாக நிமிர்ந்துவிட்டது. பெயர்தான் ஒன்று. போல்டைத் தனி எழுத்தாகவே வரைந்திருக்கிறார்கள். நல்ல போல்டு எல்லாமே இப்படித்தான். மெல்லிய எழுத்துக்கு மேல் இன்னொரு பூச்சு பூசினால் கிடைப்பதில்லை. உள்ளே இருக்கும் வெள்ளை அடைபடாமல் இருக்க எழுத்தை அகலப்படுத்துவார்கள், கோடுகள் சந்திக்கிற மூலைகளில் தடிப்பைக் குறைப்பார்கள், நெட்டுக்கோட்டுக்கு நிறையக் கொடுத்துப் படுக்கைக்கோட்டுக்குக் கொஞ்சமாகக் கொடுப்பார்கள்.

இந்தப் பாடம் எனக்கு ஆங்கிலத்தில் அல்ல, தமிழில்தான் உறைத்தது.

தமிழ் எழுத்துக்குக் கால் கிடையாது. ஓலையில் எழுத்தாணி கீறும் கோடு எங்கும் ஒரே தடிப்புதான். தடிப்பும் மெலிவும் மாறி மாறி வருகிற அழகு நம் எழுத்தில் ஊன்றியது பெரும்பாலும் அச்சு வந்த பிறகு. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கம்தான். தரங்கம்பாடியில் வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்த பாதிரியார் சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து 1713இல் வந்து சேர்ந்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிதாக இருந்தன. அந்த அளவில் வேதாகமத்தை அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. அங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். கப்பலில் வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத்தகட்டை உருக்கி வார்த்ததாகச் சொல்வார்கள். லண்டன்காரர்கள் மெல்லிய எழுத்திலிருந்து கொட்டை எழுத்துக்குப் போனார்கள். நாம் பெரிய எழுத்தில் தொடங்கிச் சிறியதற்கு வந்தோம்.

நான் வேலை பழகியது ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அடிக்கும் லெட்டர்பிரஸ்ஸில். அங்கே போல்டு என்பது விருப்பம் அல்ல, இருப்பு. “அண்ணா, இந்தப் பேரை போல்டுல கோக்கலாமா?” என்று கேட்டால், கம்போசிட்டர் அண்ணன் நிமிரக்கூட மாட்டார். “எத்தனை ‘ண’ வருது, எண்ணிச் சொல்லு தம்பி.” கேஸில் இருப்பதைவிட ஒன்று கூட வந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. தமிழுக்கு ஒரு அளவில் ஒரு செட் எழுத்து வாங்குவதே பெரிய செலவு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னா, ணை, லை எல்லாவற்றுக்கும் தனித்தனி வார்ப்பு வேறு. தடித்த செட் இன்னொன்று வாங்கிப் போட எல்லாரிடமும் காசு இருக்காது. அதனால் கையிருப்பில் உள்ள கொட்டை எழுத்தை எங்கே செலவழிப்பது என்பதில் அந்தத் தலைமுறைக்கு ஒரு கருமித்தனம் இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயர், அவ்வளவுதான். தேதிக்குக்கூடக் கிடையாது. இப்போது அந்தப் பத்திரிகைகளை எடுத்துப் பார்த்தால் கண் நேராகப் பெயருக்குப் போகிறது. இன்றைய பத்திரிகையில் பெயர், தேதி, மண்டபம், தாய்மாமன் எல்லாமே போல்டு. கண் எங்கே போவது என்று தெரியாமல் தவிக்கிறது.

கணினி வந்தபின் கருமித்தனம் போயிற்று. ஒரு பட்டனைத் தட்டினால் தடித்துவிடும். எழுத்துருவுக்கு உண்மையான போல்டு இல்லாவிட்டாலும் மென்பொருள் தானே ஓரத்தை ஊதிக் காட்டும். அது போதாதென்று எழுத்தைச் சுற்றி அதே நிறத்தில் அவுட்லைன் கொடுத்துத் தடிக்க வைப்பதும் எங்கள் தொழிலில் சகஜம். நானும் செய்தேன். ஒரு வீட்டில் பெரியவர் தவறிவிட்டார். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குத் தலைப்பை அவுட்லைன் கொடுத்துக் கொட்டை எழுத்தாக்கினேன், நன்றாகவே வந்தது. பிறகு காரியப் பத்திரிகைக்கு அதே தலைப்பைச் சிறிய கார்டு அளவுக்குச் சுருக்கினேன். எழுத்தோடு சேர்ந்து அவுட்லைனும் சுருங்க வேண்டும் என்ற கட்டத்தில் டிக் போட மறந்துவிட்டேன். எழுத்து சுருங்கியது, கோடு மட்டும் போஸ்டர் தடிப்பிலேயே நின்றது. ‘ண’வின் சுழிகள் அடைந்து கரும்பொட்டு ஆகின. ‘ணீ’யின் தலையில் இருக்கும் சின்னச் சுழி மூடி வெறும் கொம்பாகிவிட்டது. அச்சாகி வந்த பிறகு அந்த வீட்டுத் தாய்மாமன் கார்டை எடுத்துக்கொண்டு வந்தார். “கண்ணீர்ல தப்பு விட்டுட்டீங்களே தம்பி” என்றார். சத்தம் போடவில்லை. “கண்ணிர்னு இருக்குது பாருங்க.”

எழுத்துப்பிழை இல்லை, தடிப்புப் பிழை என்று அந்த நேரத்தில் அவரிடம் விளக்க முடியுமா? அன்றைக்கு ராத்திரியே வேறு அடித்துக் கொடுத்தேன்.

ஆங்கிலத்தில் இந்த ஆபத்து குறைவு. அதில் மூடிய வெள்ளை இருக்கும் எழுத்துகள் கொஞ்சம், இருப்பவையும் பெரிதாக இருக்கும். தமிழில் ண, ன, ஞ, ஷ, கொம்புச் சுழி, ஒற்றைக்கொம்பு எல்லாம் சின்னச் சின்னக் கண்கள். குறிலுக்கும் நெடிலுக்கும் வித்தியாசமே பல இடங்களில் அந்தக் கண்தான். அதனால் தமிழ்த் தடித்த எழுத்து வரைகிறவருக்கு வேலை இரண்டு மடங்கு. இப்போது கிடைக்கும் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை உதாரணத்துக்குப் பார்க்கலாம். பெயரில் செரிஃப் இருந்தாலும் அதில் ஆங்கிலம் போல் கால் வைக்கவில்லை. நெட்டுக்கோடு தடித்துப் படுக்கைக்கோடு மெலிந்து வருவதுதான் அதற்குப் பழைய புத்தக முகத்தைத் தருகிறது. மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது தடிப்பு உண்டு, இலவசம். மிகத் தடித்ததில் சுழிகளுக்கு எப்படி இடம் விட்டிருக்கிறார்கள் என்று பெரிதாக்கிப் பாருங்கள். தமிழுக்குக் கால் ஒட்ட வேண்டும் என்று சில விளம்பர எழுத்துகளில் ‘ப’வுக்கும் ‘ட’வுக்கும் பாதம் வைக்கிறார்கள், எனக்கு அது வேட்டிக்கு ஷூ போட்ட மாதிரிதான் தெரிகிறது.

தடித்த செரிஃபை எங்கே வைத்தால் நிற்கும் என்பது அடிக்கிற பொருளைப் பொறுத்தது. கல்யாணத் தாம்பூலப் பைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறார்கள். துணி மையை உறிஞ்சிப் பரப்பும். பொடோனி மாதிரி மயிரிழைக் கோடு உள்ள எழுத்தைக் கொடுத்தால் தூண்கள் பதியும், இணைப்புக்கோடு பதியாது. கிளாரெண்டன் வகை தாங்கும். கார்டில் தங்க ஃபாயில் ஒட்டுவதற்கும் இதே கதைதான். பேக்கரி, ஸ்வீட் ஸ்டாலுக்குக் கூப்பர் பிளாக் போடலாம். 1922இல் சிகாகோவில் வந்தது, கால்கள் எல்லாம் பன் மாதிரி உருண்டிருக்கும். வக்கீல் ஆபீஸுக்கு அது ஆகாது. நியூயார்க் டைம்ஸின் தலைப்புகளில் செல்ட்டன்ஹாம் என்ற செரிஃபின் தடித்த வடிவைப் பார்க்கலாம். அதன் மூல வடிவை 1896இல் வரைந்த பெர்ட்ராம் குட்ஹியூ தொழிலால் கட்டடக் கலைஞர். பத்திகளுக்கு மட்டும் எந்தக் கொட்டை எழுத்தும் வேண்டாம். இரண்டு வரிக்கு மேல் போனால் படிக்கிறவர் காதில் யாரோ மைக் வைத்துப் பேசுவது போலாகிவிடும்.

ஜவ்வரிசி மூட்டையும் இந்த எழுத்துக்கு நல்ல இடம். மூட்டையின் மேல் தகர அட்டையை வைத்து மை தடவும்போது, எழுத்தை முழுதாக வெட்டினால் ‘ஓ’வின் நடுப்பகுதி கழன்று விழுந்துவிடும். அதனால் நடுவே பாலம் விடுவார்கள். தூண் தடித்திருந்தால் பாலம் விட்டாலும் எழுத்து எழுத்தாகத் தெரியும். மெலிந்த எழுத்தில் பாலம் விட்டால் உடைந்த குச்சிதான். 1937இல் அமெரிக்காவில் ஸ்டென்சில் என்ற பெயரில் இரண்டு பேர் தனித்தனியாக வெளியிட்ட எழுத்துகளும் கிளாரெண்டன் சாயல் கொண்ட தடித்த செரிஃப்தான். இப்போது ராணுவப் பெட்டி என்று காட்ட எல்லாரும் எடுப்பது அதைத்தான். தமிழில் இதைச் செய்வது பெரும்பாடு. ‘ண’வுக்கு மட்டும் எத்தனை பாலம் விடுவது?

கொலுசுக் கடைக்காரரிடம் திரும்பி வருவோம். விசிட்டிங் கார்டு முடிந்து கடைப் பலகைக்கு வந்தார். தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ் முதலில், ஆங்கிலம் அடுத்து, மற்ற மொழி பிறகு, 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அளந்துதான் போட்டோம். ஐந்து பங்கு தமிழ், மூன்று பங்கு ஆங்கிலம். மாட்டிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தால் ஆங்கிலம்தான் முன்னால் வந்து நிற்கிறது. தமிழ் மெல்லிய ஒரே தடிப்பு எழுத்து, ஆங்கிலம் கால் வைத்த கொட்டை எழுத்து. அளவில் ஐந்துக்கு மூன்று, கருப்பில் நேர் தலைகீழ். விதி உயரத்தையும் இடத்தையும்தான் அளக்கிறது, தடிப்பை அளப்பதில்லை. தமிழைத் தடிப்பு–மெலிவு உள்ள எழுத்துக்கு மாற்றி, ஆங்கிலத்தை ஒரு படி இளைக்க வைத்த பிறகுதான் சரியாயிற்று. “இங்கிலீஷ் கொஞ்சம் சின்னதாயிடுச்சுங்களே” என்றார். அளவைத் தொடவே இல்லை என்று டேப்பை வைத்துக் காட்டினேன்.

மழை, வெயில் பட்டால் தடித்த செரிஃப் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போகலாம். காபித் தோட்டம் போட வந்த ஆங்கிலேயர் காலத்துக் கல்லறைக் கற்களில் சிலவற்றின் எழுத்தில் ஈயம் அடித்துப் பதித்திருப்பார்கள். ஈயம் விழுந்த இடத்தில், அதைப் பிடித்து நிறுத்த முன்னமே துளைத்த ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும். பாசி படிந்த ஒரு கல்லில் ‘ஹெச்’சைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு தூணும் கால்களோடு அப்படியே நின்றன. நடுவே இருந்த மெல்லிய குறுக்குக்கோடு மட்டும் தேய்ந்து போயிருந்தது. பார்த்தால் ரோமன் எண் இரண்டு. அந்தப் பெயரைப் படிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. வெட்டியவர் அந்தக் குறுக்குக்கோட்டுக்கு மட்டும் இன்னும் அரை மில்லிமீட்டர் கொடுத்திருக்கலாம்.